இரு கருங்கற்கள்: பல்லாவரத்துச் சார்னோகைட்டும் கோலாலம்பூர்க் கிரானைட்டும் – ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

தமிழர் வழங்கும் 'கருங்கல்' என்னும் சொல் ஒன்றே. அச்சொல் குறிக்கும் கல் ஒன்றன்று. சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றின் கல்லும், கோலாலம்பூரைச் சூழ்ந்த கஜாங், ரவாங், பூச்சோங் வட்டாரங்களில் வெடிவைத்துப் பெயர்க்கப்பெறும் கல்லும் நம் பேச்சில் ஒரே பெயரைப் பெறுகின்றன. பாறையியலார் இவற்றை வேறு வேறு பெயரால் அழைப்பர். முன்னது சார்னோகைட், பின்னது கிரானைட். இரண்டும் தீப்பாறை வகையில் வைத்து எண்ணப்படுவன. இரண்டிலும் படிகக்கல் எனப்படும் குவார்ட்சும், பெல்ட்ஸ்பாரும் முதன்மைக் கனிமங்களாக உள்ளன. எனினும் அவை தோன்றிய காலமும் ஆழமும், அவை தம்முள் கொண்ட நீரின் அளவும் பெரிதும் வேறுபடுகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் குடியேறிய வரலாற்றைக் கூறும் எழுத்துகள் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தொடங்குகின்றன. கோலாலம்பூர் நகரமோ ரப்பருக்கு முன்பே ஈயத்தால் உருவானது. அந்த ஈயத்தைத் தந்தது இங்குள்ள கிரானைட் பாறை. ஆகவே, இந்நகரின் சமூக வரலாற்றை அறிய விழைவோர் அதன் அடியிலுள்ள கல்லையும் அறிவது பொருத்தமாகும். தமிழகத்துக் கருங்கல் தமிழருக்குச் சிற்பத்தின் மூலப்பொருளாயிற்று. மலாயாக் கருங்கல் அவர்களுக்குச் சாலையின் சல்லியாயிற்று. இவ்வேறுபாட்டுக்குக் கல்லின் இயல்பு எவ்வளவு காரணம், மனிதர் எடுத்த முடிவுகள் எவ்வளவு காரணம் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயர்களின் வரலாறு

சார்னோகைட் என்னும் பெயர் ஒரு கல்லறையிலிருந்து பிறந்தது. கல்கத்தாவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவியவராகக் கூறப்படும் ஜாப் சார்னோக் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தார். அவருடைய கல்லறை அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் மேல் பதிக்கப்பெற்ற கரிய கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டதாகும். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின்னர், இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் பாறையை ஆராய்ந்தார். சார்னோக்கின் கல்லறைக் கல்லும் அதே இனத்தது எனக் கண்டு, 1893-இல் அப்பாறைக்குச் சார்னோகைட் எனப் பெயரிட்டார். 1900-இல் இப்பாறைக் குடும்பத்தைப் பற்றிய அவருடைய விரிவான ஆய்வு வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கல் ஒன்று, வங்கத்தில் புதைக்கப்பட்ட ஆங்கில வணிகர் ஒருவரின் பெயரால் உலக அறிவியலில் நிலைபெற்றமை காலனியக் கால அறிவு எவ்வழியில் பயணம் செய்தது என்பதற்கு நல்ல சான்றாகும்.

மலாயாவின் பாறைகளைப் பற்றிய முறையான ஆய்வு சிறிது பிந்தியே தொடங்கிற்று. ஜே. பி. ஸ்கிரிவனர் 1903-இல் இணைக்கப்பட்ட மலாய் மாநிலங்களின் அரசு நிலவியலாளராகப் பணியேற்றார். மலாயாவின் நிலவியல் குறித்த அவருடைய நூல் 1931-இல் வெளிவந்தது. ஹாலந்தின் வினா 'இப்பாறை எவ்வாறு தோன்றியது' என்பது. ஸ்கிரிவனரின் துறை முதன்மையாக எதிர்கொண்ட வினா 'ஈயம் எங்கே கிடைக்கும்' என்பது.

மக்கள் வழக்கிலும் கல்லின் பெயர் இடம்பெயர்ந்துள்ளது. மலாய்மொழியில் 'பத்து' என்றால் கல். மைல்கல்லைச் சுட்டிப் பின்னர் மைலையே குறிக்கலான இச்சொல் ஷா ஆலமை ஒட்டிய பத்து தீகா போன்ற ஊர்ப்பெயர்களில் நிலைத்துள்ளது. கல் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் தமிழரின் செவியில் எண்ணுப்பெயராக ஒலித்து, 'பத்துமலை' என்னும் பெயர் நிலைபெற்றது. ஆயினும் பத்துமலையின் கல் கருங்கல் அன்று. அது கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல். கோலாலம்பூரின் மையப் பகுதிக்கு அடியிலும் சுண்ணாம்புக்கல்லே பரவியுள்ளது. அதனைக் கிழக்கிலும் மேற்கிலும் சூழ்ந்து எழும் மலைகளிலேயே கிரானைட் வெளிப்படுகிறது.

தோற்றம்: நிலத்தடியில் நிகழ்ந்தவை

தீப்பாறை என்பது உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியதால் உண்டாவது. குழம்பு எரிமலை வாயிலாக வெளியேறி விரைவில் குளிர்ந்தால் பசால்ட் போன்ற நுண்மணிப் பாறை தோன்றும். தக்காணத்தின் மேற்குப் பகுதியில் பரவியுள்ளது அவ்வகையே. நிலத்தடியில் மிக மெதுவாகக் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் அளவில் படிகங்கள் வளரும். கிரானைட் இவ்வகையைச் சேர்ந்தது. இக்கருத்து எளிதில் ஏற்கப்பட்டதன்று. 18-ஆம் நூற்றாண்டில் வெர்னரைப் பின்பற்றியோர் கிரானைட் ஆதிக்கடலில் படிந்தது என்றே கருதினர். 1785-இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், கிரானைட் வேறு பாறைகளுக்குள் நரம்புபோல் ஊடுருவிச் சென்றிருப்பதை ஜேம்ஸ் ஹட்டன் கண்டார். பிற பாறைக்குள் புகுந்த பொருள் ஒரு காலத்தில் உருகிய நிலையில் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட முடிபு.

கோலாலம்பூர்க் கிரானைட் தீபகற்பத்தின் முதுகெலும்பாக விளங்கும் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் தொகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 20 முதல் 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டிரையாசிக் காலத்தில் இது தோன்றிற்று. இன்றைய தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் அதற்கு முன்னர்த் தனித்தனி நிலத்துண்டுகளாக இருந்தன. அவற்றுக்கிடையே இருந்த பழைய தெத்திஸ் கடல் சுருங்கி மறைய, இரு நிலங்களும் மோதின. அவை இணைந்த தழும்பு பெந்தோங்–ரவூப் வழியாக இன்றும் செல்கிறது. மோதலால் தடித்த நிலவோட்டின் அடிப்பகுதியில், கடலில் படிந்த பழைய களிமண் பாறைகளும் வெப்பத்தால் உருகின. அவ்வுருகலிலிருந்து உண்டான குழம்பு மேலெழுந்து, சில கிலோமீட்டர் ஆழத்தில் தங்கி இறுகிற்று. அதன் வெப்பம் சூழ இருந்த சுண்ணாம்புக்கல்லைப் பளிங்காக மாற்றியது.

பல்லாவரத்துச் சார்னோகைட்டின் வரலாறு இதனினும் மிகத் தொன்மையானது. அதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கோலாலம்பூர்க் கிரானைட்டின் அகவையோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கினும் மிகுதி. இப்பாறை நிலவோட்டின் ஆழப்பகுதியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஆழத்தில், 800 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பநிலையில் தன் இன்றைய கனிம அமைப்பைப் பெற்றது. பின்னர் நெடுங்காலம் மேற்பரப்பு அரிக்கப்பட்டு, அவ்வாழத்துப் பாறை இன்று குன்றாக நம் கண்முன் நிற்கிறது.

சார்னோகைட்டைத் தீப்பாறை என்று கூறுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஹாலந்து அதனைக் குழம்பிலிருந்து நேரடியாக இறுகியதாகவே கருதினார். பாறை வகைப்பாட்டிலும் அது ஹைபர்ஸ்தீன் கொண்ட கிரானைட்டாக இடம்பெற்றுள்ளது. எனினும் பழைய பாறை ஒன்று கடும் வெப்பத்தில் உருமாறியும் சார்னோகைட் ஆகலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கர்நாடகத்தின் கப்பால்துர்கா என்னுமிடத்தில், சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் உருவாகிக் கொண்டிருந்த நிலை அப்படியே உறைந்திருப்பதைச் சி. எஸ். பிச்சமுத்து 1960-இல் உலகறியச் செய்தார். ஆகவே, சார்னோகைட்டுகளுள் சில குழம்பில் பிறந்தவை. சில உருமாற்றத்தில் பிறந்தவை. இரண்டு வழிகளும் ஒரே பாறையில் அடுத்தடுத்து நிகழ்ந்திருத்தலும் கூடும்.

பண்புகள்: ஓர் ஒப்பீடு

முதலில் நிறத்தைக் காண்போம். சார்னோகைட் புதிதாக உடைக்கப்பட்ட நிலையில் பச்சை கலந்த கருமையும் எண்ணெய்ப் பளபளப்பும் உடையது. அதிலுள்ள படிகக்கல் நீலச் சாயலும், பெல்ட்ஸ்பார் பச்சைச் சாயலும் பெற்றிருப்பது இயல்பு. கோலாலம்பூர்க் கிரானைட் வெளிர்சாம்பல் நிறமுடையது. அதில் கரிய மைக்காத் துகள்கள் எள் தூவியதுபோல் காணப்படும். 'கருங்கல்' என்னும் பெயர் பல்லாவரத்துக் கல்லுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. கோலாலம்பூர்க் கல்லுக்கு அது நிறப்பெயராகப் பொருந்தவில்லை. கடினமான கல் என்னும் பொதுப்பொருளிலேயே வழங்குகிறது. தாயகத்தில் நிறத்தால் பெற்ற பெயரைத் தமிழர் இங்குக் கடினத்தால் வழங்கினர் எனலாம்.

இரண்டாவது மணியமைப்பு. சார்னோகைட்டின் மணிகள் பெரும்பாலும் ஒத்த அளவின. ஒன்றோடொன்று இறுகக் கோத்தவை. கோலாலம்பூர்க் கிரானைட்டின் பெரும்பகுதி பருமணிப் பாறை. அதில் விரற்கணு அளவுள்ள வெண்மையான பெல்ட்ஸ்பார்ப் படிகங்கள் ஆங்காங்கே பதிந்திருக்கும். பெல்ட்ஸ்பார் தட்டையான தளங்களில் பிளவுறும் இயல்புடையது. விரல், இமை, அணிகலன் முதலிய நுண்ணிய உறுப்புகளைச் செதுக்கும்போது இத்தகைய பெரும்படிகம் குறுக்கிட்டால் உளியின் போக்குத் தடைப்படும்.

மூன்றாவதாகவும் முதன்மையாகவும் கருதத்தக்கது நீர். கிரானைட்டிலுள்ள மைக்காக் கனிமங்களின் படிக அமைப்பிலேயே நீர்க்கூறு அடங்கியுள்ளது. சார்னோகைட்டின் அடையாளக் கனிமமான ஹைபர்ஸ்தீனில் நீர்க்கூறு இல்லை. மிகுந்த ஆழத்தின் வெப்பத்தில் நீர் வெளியேறிவிட்ட வறண்ட பாறை அது. கிரானைட்டோ நீர் கலந்த குழம்பின் குழந்தை. இவ்வொரு வேறுபாடே இரு நிலங்களின் பொருளியல் வரலாற்றையும் வேறுபடுத்திற்று.

நான்காவது சிதைவு. தமிழகத்தின் வறண்ட காலநிலையில் பாறை மொட்டையாக, வெளிப்படையாக நிற்கிறது. குன்றின் முகத்தில் நேரே உளியை வைக்கலாம். சிலாங்கூரின் வெப்பமும் இடையறாத மழையும் கிரானைட்டை ஆழமாக அரித்துள்ளன. பெல்ட்ஸ்பார் களிமண்ணாகவும், படிகக்கல் மணலாகவும் பிரிந்து, பல மீட்டர் தடிப்புள்ள செம்மண் போர்வை பாறையை மூடியுள்ளது. அப்போர்வைக்குள் சிதையாத உருண்டைப் பாறைகள் மிதப்பனபோல் கிடக்கின்றன. நல்ல கல்லை அடைய, காட்டையும் மண்ணையும் முதலில் அகற்றியாக வேண்டும்.

ஈயமும் நகரமும்

கிரானைட்டுக் குழம்பு இறுகும்போது அதன் நீர் உடனே படிகங்களில் அடங்கிவிடுவதில்லை. இறுதி நிலையில் எஞ்சும் சூடான நீர்மத்தில், பிற கனிமங்களில் இடம்பெறாத தனிமங்கள் செறிகின்றன. ஈயம் என்று மலேசியத் தமிழில் வழங்கும் வெள்ளீயம் அவற்றுள் ஒன்று. அந்நீர்மம் பாறைப் பிளவுகளில் புகுந்து, படிகக்கல் நரம்புகளையும் காசிட்டரைட் என்னும் ஈயத்தாதையும் விட்டுச் சென்றது. உலு கிள்ளானில் 14 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் மதில்போல் நிற்கும் படிகக்கல் முகடு, சூடான நீர்மம் நிலப்பிளவில் படிகக்கல்லை நிரப்பியதன் பெருஞ்சான்று. மலை அரிபட்டபோது காசிட்டரைட்டும் ஆற்றோடு வந்தது. நீரைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமுடைய அத்தாது வெகுதொலைவு செல்லாமல், சுண்ணாம்புக்கல் தரையின் பள்ளங்களில் மணலோடு தங்கிற்று. மியன்மாரிலிருந்து இந்தோனேசியாவின் பங்கா, பெலித்தோங் தீவுகள் வரை நீளும் இந்த ஈய மண்டலம் உலகில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மொத்த ஈயத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைத் தந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

1857-ஐ ஒட்டிக் கிள்ளானின் ராஜா அப்துல்லா சீனத் தொழிலாளர் 87 பேரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பியது இத்தாதுக்காகவே. கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தில் இறங்கி அம்பாங் சென்ற அவர்களுள் ஒரு மாதத்துக்குள் எஞ்சியோர் 18 பேர் என்பர். அந்தச் சேற்று முகத்துவாரமே கோலாலம்பூர் ஆயிற்று. 1880-இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து அங்கு மாற்றப்பட்டது.

ஈயத்தொழிலில் தமிழர் பங்கு உழைப்போடு நிற்கவில்லை. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் கூட்டாக நடத்திய ரவாங் ஈயச் சுரங்கத்தில் 1894-இல் மின்னாற்றல் பயன்படுத்தப்பட்டது மலாயாவின் மின்னாக்க வரலாற்றின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பத்துமலைக் குகையில் 1891-இல் முருகன் வழிபாட்டுக்கு வழிவகுத்தவரும் அவரே. கிரானைட் தந்த செல்வமும் சுண்ணாம்புக்கல் தந்த திருக்கோவிலும் ஒருவரின் வாழ்வில் இணைந்தமை கவனத்துக்குரியது.

செங்கலும் சல்லியும்

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட கடைவீடுகள் அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. 1882-இல் சிலாங்கூரின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் எழுப்ப முனைந்தார். அதற்கான செங்கற் சூளைகள் அமைந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ். மலைகளின் கிரானைட்டும் அதனைச் சூழ்ந்த பிற பாறைகளும் சிதைந்து ஆற்றுவழி இறங்கிய களிமண்ணே பள்ளத்தாக்கின் தரையில் படிந்துள்ளது. கல்லாக நகருக்குப் பயன்படாத பாறை, சிதைந்த நிலையில் செங்கல்லாகப் பயன்பட்டது எனலாம்.

1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றுப்பாலம் அமைந்து பாதை கிள்ளான் நகரை எட்டியது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. கிள்ளான் ஆற்றின் கடைப்பகுதியில் சேறும் கடல்வண்டலுமே மிகுதி. அத்தகைய நிலத்தில் தண்டவாளம் நிலைக்க வேண்டுமாயின், அதன் அடியில் கூர்முனைச் சல்லி கெட்டிக்கப்பட வேண்டும். கிரானைட்டின் கோத்த படிகங்கள் நொறுங்காமல் சுமைதாங்கும். உடைந்த முனைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சிற்பத்துக்குக் குறையாகத் தோன்றும் பருமணி, சல்லிக்குக் குறையாவதில்லை.

இப்பணிகளில் தமிழகத்திலிருந்து வந்தோர் பெருந்தொகையினராக ஈடுபட்டனர். இருப்புப்பாதைத் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் கல் சுமந்து, மண் வெட்டி, பாதை பேணியவர்கள் அவர்கள். அலுவலகங்களிலும் நிலையங்களிலும் எழுத்துப்பணி புரிந்தோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். இவ்விரு பிரிவினரும் அடுத்தடுத்து வாழ்ந்த இடமாகப் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. சூளைகள் மறைந்த பின்னரும் இருப்புப்பாதைக் குடியிருப்புகளால் அதன் தமிழ் முகம் நிலைத்தது. அதன் நெடுஞ்சாலை இன்று துன் சம்பந்தன் பெயரைத் தாங்குகிறது.

கோவிலும் கல்லும்

தமிழகத்தில் கல் வழிபாட்டு இடமாக மாறிய வரலாறு நன்கறியப்பட்டது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றியே கோவில் அமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பெருமையுடன் குறிப்பிட்டுள்ளான். அவன் குடைவித்த குகைக்கோவில்களுள் ஒன்று, சார்னோகைட்டின் பெயர்க்களமாகிய பல்லாவரத்திலேயே உள்ளது. அவன் வழிவந்தோர் மாமல்லபுரத்தில் குன்றுகளையே கோவில்களாக்கினர். கல்லைத் தட்டி, அது எழுப்பும் ஓசைகொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பிரித்தறியும் முறை சிற்ப நூல்களில் கூறப்பட்டுள்ளது. உள்ளே வெடிப்பில்லாத, மணிகள் இறுகிய கல்லே நன்கு ஒலிக்கும் என்பதால், அம்மரபில் பாறையியல் நுட்பமும் அடங்கியுள்ளது எனலாம்.

கோலாலம்பூரில் கோவில்களின் வளர்ச்சி வேறு வரிசையில் அமைந்தது. 1873-இல் நிறுவப்பெற்றதாகக் கூறப்படும் ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில் 1885-இல் இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது. அத்தாப்புக் கொட்டகையாக இருந்த அது பின்னர்ச் செங்கற் கட்டடமாயிற்று. இன்றைய கட்டடம் 1968-இல் எழுந்தது. அதன் ஐந்து நிலைக் கோபுரத்தின் உருவங்கள் சுதையால் ஆனவை. பத்துமலையின் முன் 2006-இல் நிறுவப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் சிலை இரும்புக் கம்பியாலும் கான்கிரீட்டாலும் ஆனது. மகேந்திரவர்மன் விலக்கியதாகக் கூறிய பொருள்களுள் செங்கல்லும் உலோகமும் சுண்ணமும் இங்குக் கோவிலின் உடலாயின. கருவறைத் திருமேனிகளுக்கான கல் மட்டும் பெரும்பாலும் செதுக்கப்பெற்ற நிலையில் தமிழகத்திலிருந்தே கடல் கடந்து வருகிறது. வீட்டு வாயிலுக்கு எதிரே கிரானைட் மலை நிற்க, வழிபடும் கல்லைத் தாயகத்திலிருந்து தருவிக்கும் வழக்கம் ஏன் நிலைத்தது?

கல்லின் இயல்பு ஒரு விடை. பருமணி, ஆழ்ந்த மண்போர்வை, மழைக்காடு ஆகியவை மேலே கூறப்பட்டன. எனினும் இவ்விடை முழுமையானதன்று. இத்தீபகற்பத்தின் கிரானைட்டைக் கோவிலாக்க முடியும் என்பதற்குக் கடாரத்தில் சான்று உண்டு. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் கிரானைட் கற்களால் கட்டப்பெற்றது. 1930களில் குவாரிச் வேல்ஸ் அதனை அகழ்ந்தார். 1959–60-இல் ஆலஸ்டர் லாம்ப் அதனை மீட்டமைத்தார். அவ்விடப்பெயரின் பொருளே 'உளியால் செதுக்கிய கல்லின் குன்று' என்பதாகும். கருவறையும் மண்டபமும் கொண்ட அக்கோவிலின் அடித்தளத்தில் கல் பேழைகளும் கிடைத்தன. நுண்ணிய சிற்பங்கள் அதில் இல்லை. ஆயினும் கல்லைச் சதுரித்து அடுக்கும் திறன் ஐயமின்றி வெளிப்படுகிறது.

ஆகவே, இரண்டாவது காரணத்தை மனிதரிடம் தேட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் ஒப்பந்த முறையும் அதன்பின் வந்த கங்காணி முறையும் தேடிக் கொணர்ந்தவை காடு வெட்டவும், பால் மரம் சீவவும், மண் சுமக்கவும் வல்ல கைகளை. உளி பிடிக்கும் கைகளுக்கு அப்பொருளியலில் தேவை இருக்கவில்லை. கற்சிற்பம் குடும்பத் தொழிலாகத் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்படுவது. அக்குடும்பங்கள் இங்கு வேரூன்றாத நிலையில், கல்லும் சிற்பமாகவில்லை. இன்றும் குடமுழுக்குத் திருப்பணிக்குத் தமிழகத்திலிருந்து தபதிகள் குறிப்பிட்ட காலத்துக்கு வந்து திரும்புவதே வழக்கமாக உள்ளது.

கல்லைத் தொலைவிலிருந்து கொணர்தலைத் தமிழ் மரபு குறையாகக் கருதியதில்லை. கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்ததைச் சிலப்பதிகாரம் பாடுகிறது. மலேசியத் தமிழர் தாயகக் கல்லை நாடுவதில் அம்மரபின் தொடர்ச்சியையும் காணலாம். ஆயினும் தேர்வின் காரணமாகக் கொணர்வது ஒன்று. அருகிலுள்ள கல்லைச் செதுக்கும் கலை தம்மிடம் தங்க வாய்ப்பளிக்கப்படாமையால் கொணர்வது மற்றொன்று. வரலாற்றாசிரியர் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது.

ஈண்டு ஒரு வரம்பையும் சுட்டுதல் வேண்டும். தமிழகத்தில் கல்லோடு வாழ்ந்தோர் யாவரும் சிற்பிகள் அல்லர். குன்றைப் பிளந்து சல்லி உடைத்தோர் அங்கும் பலர். அங்குச் சிற்பியும் கல்லுடைப்போரும் ஒரே குன்றின் அடியில் வாழ்ந்தனர். கப்பலேறியவர்களுள் உளியேந்தியோர் அரியர் என்பதே வேறுபாடு.

சிதையும் கல்: இன்றைய படிப்பினை

கிரானைட்டின் சிதைவு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்த பின்னர்ச் சுரங்கங்கள் பல மூடப்பட்டு, அவற்றின் குழிகள் ஏரிகளாயின. நகரம் பள்ளத்தாக்கிலிருந்து மலைச்சரிவுகளில் ஏறத் தொடங்கிற்று. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் உயிரிழந்தனர். பல நாள் மழைக்குப் பின், கட்டடத்தின் பின்புறச் சரிவு நகர்ந்ததே அதற்குக் காரணம். வடிகாலின் குறைபாடும் தடுப்புச் சுவர்களின் வலுவின்மையும் பின்னர் வெளிப்பட்டன. கிரானைட் மலை என்றதும் உறுதி என்றே நம் மனம் கொள்கிறது. ஆனால் அம்மலையின் மேற்போர்வை கல்லாக இருந்து மண்ணாக மாறிவிட்டது. நீர் உட்புகுந்தால் அது தன் எடையையே தாங்காது. பல்லாவரத்தின் வெளிப்பட்ட பாறையைக் கண்டு பழகிய மொழியில் 'கல் மலை' என்றால் நிலையானது என்று பொருள். சிலாங்கூரின் மழையில் அப்பொருள் அப்படியே செல்லுபடியாவதில்லை. ஒரே பெயர் இருவேறு இயல்பை மறைப்பதால் விளையும் தீங்கை இங்கு வெளிப்படையாகக் காண்கிறோம்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் தெளிவாவன சில. சார்னோகைட் தொன்மையானது, ஆழத்தில் உருவானது, நீரற்றது. கோலாலம்பூர்க் கிரானைட் காலத்தால் பிந்தியது, நிலமோதலில் பிறந்தது, நீர் கொண்டது. நீர் கொண்டிருந்தமையால் பின்னது ஈயத்தைத் தந்தது. ஈயம் நகரைத் தந்தது. நகரமும் இருப்புப்பாதையும் தமிழரை அழைத்தன. அதே பாறை மழையில் கரைந்து பிரிக்பீல்ட்ஸின் களிமண்ணுக்கும் உலு கிள்ளானின் சரிவுக்கும் காரணமாயிற்று. இவ்வளவும் கல்லின் இயல்பால் விளைந்தவை. ஆனால் இக்கல் தமிழர் கையில் சிற்பமாகாமல் சல்லியாகவே நின்றமைக்குக் கல்லை மட்டும் காரணமாக்குதல் இயலாது. யாரை அழைத்து வருவது, எவ்வேலைக்கு அழைத்து வருவது என்று காலனியப் பொருளியல் எடுத்த முடிவும் அதில் அடங்கியுள்ளது.

தமிழகத்து வரலாற்றை எழுதுவோருக்குக் கல்வெட்டுகள் துணைசெய்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வரலாற்றை எழுதுவோருக்கு அத்துணை குறைவு. தண்டவாளத்தின் அடியில் கொட்டிய சல்லியில் எவரும் பெயர் பொறிப்பதில்லை. ஆகவே, இருப்புப்பாதைத் துறை, பொதுப்பணித் துறை ஆகியவற்றின் ஆண்டறிக்கைகள், கோவில் நிருவாகப் பதிவேடுகள், இடுகாட்டுக் கற்கள், முதியோர் நினைவுகள் ஆகியவற்றை முறையாகத் தொகுக்கும் பணியில் ஆய்வாளர் ஈடுபடுதல் வேண்டும். அத்தொகுப்பில் நிலவியலாளரின் வரைபடமும் ஒன்றாக அமையட்டும். எந்த மலையிலிருந்து எந்தப் பாதைக்குக் கல் சென்றது என்பதை அறிந்தால், அக்கல்லோடு சென்றவர்களின் வழியையும் நாம் ஓரளவு கண்டறியலாம்.